ஒண்ணே ஒண்ணுதான்

பிஸ்கட் தின்பதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதனைப் பார்த்து யாருக்குத்தான் வயிறு எரியாது? "கொடுத்து வச்சவன்யா" என்று சொல்லாத ஆள் கிடையாது. பதினேழு வருஷமாக அவன் பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்க்கிறவன். அரை மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் ஆறு பிஸ்கட் ஒரு தட்டில் வரும். ஒன்றை உடைத்துச் சத்தம் கேட்க வேண்டும், உடைந்த இடத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், மென்று பார்க்க வேண்டும். பிறகு காகிதக் குவளையில் துப்பிவிட்டு, வெந்நீரில் வாய் கொப்பளித்து, தாளில் குறிக்க வேண்டும். துப்பவேண்டும் என்பது விதி. நம்ம ஆள் ஒரு நாள்கூடத் துப்பியதில்லை. "சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடற நானே முழுங்கலேன்னா, வாங்கறவன் எப்படி முழுங்குவான்?" என்று கேட்பான். கேள்வி என்னவோ நியாயமானதுதான். எடை தொண்ணூற்றிரண்டு கிலோவுக்குப் போய் நின்றதும் அதே நியாயப்படிதான்.

அதுவரை அந்தத் தொண்ணூற்றிரண்டு கிலோ யாருக்கும் உறுத்தவில்லை. அக்காவுக்குக் கல்லீரல் கெட்டுப்போன பிறகுதான் எல்லார் கண்ணும் அவன் வயிற்றின் மேல் விழுந்தது.

அக்கா அவனைவிட ஆறு வயது மூத்தவள். இரண்டு தெரு தள்ளி, வீட்டுக்காரரோடும் கொழுந்தனோடும் இருக்கிறாள். நாக்கு கத்தி. மனசு சுத்தம். கெட்ட பழக்கம் ஒன்றுகூடக் கிடையாது. அப்படிப்பட்டவளுக்குக் கண் மஞ்சளாகி, கால் வீங்கி, கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: "வேற ஒருத்தரோட கல்லீரல்ல ஒரு பகுதியை எடுத்து வைக்கணும். கொடுத்தவங்களுக்கு அது திரும்ப வளர்ந்துடும். ஆனா மூணு மாசத்துக்கு மேல தள்ளிப்போடக் கூடாது." வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி, அவர் கணக்கில் வரமாட்டார். கொழுந்தன் ஒருத்தன் இருக்கிறானே, கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிற வேன் ஓட்டுகிறவன், ஒல்லிப்பிச்சான், அவன் சுவரில் சாய்ந்தபடியே, "என்னோடதை எடுத்துக்கங்க, எனக்கும் அதே ரத்த வகைதானே" என்றான். குடை வேணுமா என்று கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

அம்மா விடுவாளா? "நீ சும்மா இருப்பா. கூடப்பிறந்தவன் மலை மாதிரி உக்காந்திருக்கான், வெளியாள்கிட்ட எதுக்குக் கை நீட்டணும்?" என்றாள்.

அந்த அறையில் அத்தனை பேரும் மலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். அந்த நேரத்தில் வேறு என்னதான் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். "நான் தர்றேன்" என்றான். சொன்ன வாய் உலர்வதற்குள் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் பரிசோதிப்பார்கள் என்பதால் கொழுந்தன் பெயரை எழுதவே இல்லை.

படம் எடுத்துப் பார்த்தால் இவன் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. "இப்படியே கத்தி வைக்க முடியாது. எட்டு வாரத்துல எட்டு கிலோ குறைக்கணும். இனிப்பு அறவே கூடாது" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு மாட்டினான் மனுஷன். அவன் வயிறு அன்றிலிருந்து குடும்பச் சொத்து ஆகிவிட்டது.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், எதையும் ஒழுங்காகச் செய்வாள். அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். காலை, மதியம், மாலை, இரவு. பச்சைப் பேனாவில் எழுதியது சாப்பிடலாம், சிவப்பில் எழுதியது தொடக்கூடாது. சிவப்பு நீளமாக இருந்தது. சர்க்கரை டப்பா வீட்டைவிட்டே போனது. அம்மா தன் பங்குக்கு, "அவனுக்கு உப்புகூடக் குறைச்சுப் போடு" என்று மருமகளுக்கு உத்தரவு போட்டாள். மாமியாரும் மருமகளும் கல்யாணமான நாளிலிருந்து ஒத்துப்போன ஒரே விஷயம் அவனைப் பட்டினி போடுவதுதான் என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். இரண்டு பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார்கள்.

எல்லாரும் பயந்தது தொழிற்சாலையை நினைத்துத்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அங்கே அவன் யோக்கியமாக இருந்தான். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகக் குவளையைக் கையில் எடுத்தான். வெண்ணெய் பிஸ்கட் நாக்கில் கரைந்து தொண்டைக்கு இறங்கப் போகிற நேரத்தில் அதை நிறுத்தித் துப்புவது என்பது சும்மா இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள், "யாரோ செத்த மாதிரி துப்பறியே" என்று கேலி செய்தார்கள். அவன் துப்பிக்கொண்டே இருந்தான். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை, அடுப்புச் சூட்டிலும் சர்க்கரை வாசனையிலும் நின்றுகொண்டு, ஒரு துணுக்குகூட உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டான்.

முதல் வாரம் ஒன்றரை கிலோ இறங்கியது. வீடு முழுக்கச் சந்தோஷம். அவனுக்கு மட்டும் கணக்கு வேறு மாதிரி ஓடியது. இன்னும் ஆறரை கிலோ இறங்கினால் ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டுமே!

எட்டாம் நாள் விடிகாலை. வேலைக்குக் கிளம்புமுன் சர்க்கரை போடாத டீயை மருந்து குடிக்கிற மாதிரி குடித்துக்கொண்டிருந்தான். அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. மனைவி கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாவு டப்பாவுக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய சாக்லேட் ஒன்றை எடுத்து, ஒரு கட்டம் உடைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான். உங்க அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

அவன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தான். மூன்றாம் வாரத்தில் ஒரு கட்டம் ஒரு வரிசை ஆகியிருந்தது.

இது ஒரு பக்கம். மதியம் வேலை முடிந்து வந்தால் வீட்டில் அம்மா மட்டும்தான் இருப்பாள். அட்டவணைப்படி வேகவைத்த முட்டைக்கோசைத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். அவன் அதைப் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் என்னவோ ஆகும். ஒரு நாள் எழுந்து போனாள். பீரோவில் துணிகளுக்கு நடுவிலிருந்து இனிப்புக் கெட்டிப்பால் டப்பா ஒன்றை எடுத்துவந்தாள். பெரிய கரண்டி.

"ஒண்ணே ஒண்ணுதான்டா. உன் பொண்டாட்டிகிட்ட உளறிடாதே, என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா."

திறந்தான் வாயை.

இது போதாதென்று, வியாழக்கிழமைதோறும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கிரீம் பன். அதற்கும் அவனிடம் ஒரு நியாயம் இருந்தது. அந்த ரெண்டையும் மத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு சாப்பிடறேன், எனக்குன்னு ஒண்ணு வேணாமா என்று. கடையின் பின்பக்கம் குப்பைத்தொட்டியை ஒட்டி நின்று நாலே கடியில் தின்றுவிட்டு, மீசையில் ஒட்டிய கிரீமைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுவான். ருசி பார்க்கிறவன்தானே, அந்தக் கிரீம் மட்டமானது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அப்படியும் தின்றான்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்க வேண்டுமே கூத்தை! மூன்று பேரும் ஒன்றாக உட்காருவார்கள். "என்னங்க, இன்னொரு ஸ்பூன் சோறு போட்டுட்டீங்க, எடுங்க" என்று மனைவி கண்டிப்பாள். "அவ சொல்றதைக் கேளுடா, உன் அக்கா உயிர்டா" என்று அம்மா எடுத்துக்கொடுப்பாள். இவன் தலையைக் குனிந்துகொண்டு வெள்ளரிக்காயைக் கடிப்பான். அக்கா தினமும் போன் பண்ணுவாள். "எவ்வளவுடா குறைஞ்சிருக்கு?" என்பாள், மூச்சு வாங்கும். "குறையுதுக்கா, குறையுது" என்பான்.

அவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தரமாட்டேன் என்று வாயெடுத்தால் அக்காவைக் கொன்றவன். தருகிறேன் என்றால் மார்பிலிருந்து தொப்புள் வரை பிளப்பார்கள், எழுந்திருப்போமோ இல்லையோ. வேலையில் நின்றால் சர்க்கரை வாசனை, வீட்டுக்கு வந்தால் இரண்டு ஜோடிக் கண்கள், குளியலறைக்குப் போனால் அங்கே மனைவி வாங்கி வைத்த எடைமேடை. நிம்மதியாக நிற்க ஒரு மூலை கிடையாது. வாயைத் திறந்தால் ஒன்று பேச வேண்டும், இல்லையென்றால் தின்ன வேண்டும். தின்பதுதான் அவனுக்குச் சுலபமாக இருந்தது.

நாலாவது வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். தொண்ணூறு. டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தார். ஏழாவது வாரம் தொண்ணூற்றொன்று.

அன்றைக்கு டாக்டரம்மா நர்ஸை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒரு கேள்வி. இது உங்களுக்கும் எனக்கும் நடுவுல மட்டும்தான். இதைக் கொடுக்கறதுல உங்களுக்கு இஷ்டமா?"

"என்ன டாக்டர் இப்படிக் கேக்கறீங்க? என் அக்கா."

"அதனாலதான் கேக்கறேன். வேணாம்னா வேணாம்னு சொல்லலாம். உடம்பு ஒத்துவரலைன்னு மட்டும் வெளியே சொல்லுவோம். காரணம் இந்தக் கதவைத் தாண்டாது."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து, வெளியே போ என்று வழிவிட்டு நிற்கிறார் அந்த மகராசி. ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் தான் என்ன மாதிரி ஆள் என்று இந்த ஒரு அம்மாவுக்காவது தெரிந்துவிடுமே! அதற்குக்கூட அவனுக்குத் துணிச்சல் இல்லை. "அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லை டாக்டர். இன்னும் மூணு வாரம் கொடுங்க, குறைச்சுடறேன்" என்றான். அவர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கொழுந்தன் தோளில் சாய்ந்திருந்தாள். "ஒரு கிலோ ஏறியிருக்கு. இன்னும் மூணு வாரம் பாக்கலாம்னாங்க" என்று சொன்னான். சொன்னபோதுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தான். நெற்றிச் சுருக்கம் ஒரு நொடி தளர்ந்தது. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு மூச்சு விட்டாள். அம்மாவும் அதே மூச்சை விட்டாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அக்கா அழவில்லை. மஞ்சள் கண்ணால் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

கொழுந்தன் எல்லாரையும் வேனில் கொண்டுவந்து இவன் வீட்டில் இறக்கினான். "அண்ணி இங்கயே கொஞ்சம் படுத்திருக்கட்டும். நாலு கடைக்குச் சரக்கு போட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று போய்விட்டான். அக்கா கூடத்து சோபாவில் கண்ணை மூடிப் படுத்தாள். மற்ற மூன்று பேரும் சமையலறையில் கூடிக் குசுகுசுவென்று சண்டையை ஆரம்பித்தார்கள்.

"அந்த வேலைதாங்க எமன். ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

"நான் அங்க துப்பறேன். சத்தியமா துப்பறேன்" என்றான். அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதை யாரும் நம்பவில்லை.

"துப்பறவனுக்கு எப்படிடா ஏறும்?" என்றாள் அம்மா. வாய் பேசினாலும் கை சும்மா இருக்காது அவளுக்கு. ரொட்டி சுடலாமென்று மாவு டப்பாவை இழுத்துத் திறந்தாள். கையை விட்டாள். பையை எடுத்தாள். பிரித்தாள். முக்கால்வாசி தீர்ந்துபோன சாக்லேட், அதன் அடியில் முழுசாக இன்னும் இரண்டு.

"என்னடி இது?"

மருமகள் முகம் வெளுத்தது. வெளுத்த வேகத்திலேயே சிவந்தது. "சரி அத்தை, நான் ஒண்ணு கேக்கறேன். போன வாரம் குப்பைல காலி பால் டப்பா மூணு கிடந்துச்சே, அதை யாரு குடிச்சா? நீங்களா? உங்களுக்குத்தான் பாலே ஆகாதே!"

"நீயுமா?" என்றாள் அம்மா.

"நீங்களுமா?" என்றாள் அவள்.

இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்ன செய்வான், பாவி? "வியாழக்கிழமை ஒரு பன்" என்று முனகினான். வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அம்மாவுக்கு உதடுகூடத் துடித்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

மனைவிதான் முதலில் உடைந்தாள். "ஆமா, வேணும்னுதான் கொடுத்தேன். பரிதாபப்பட்டு ஒண்ணும் கொடுக்கல. என் புருஷனை அறுக்கறதுக்கு நானே காய் வேகவைக்கணுமா? அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு எனக்குத் திருப்பித் தருவா? வாய்விட்டுச் சொன்னா என்னை ராட்சசின்னு சொல்லுவீங்க. அதான் சொல்லல."

அம்மா மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டும் நான் பெத்ததுதான். ஒண்ணை வெட்டி ஒண்ணுக்கு வைன்னு நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி சொன்னேன். சொன்னதிலேருந்து எனக்கு ஒரு வாய் இறங்கல. இவன் பசியோட உக்காந்திருக்கறதைப் பாத்தா வயிறு பத்திக்கிட்டு எரியுது. நான் என்ன பண்ணுவேன்!"

"அழுது முடிச்சுட்டீங்களா?"

சமையலறை வாசற்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. மனைவி ஓடிப்போய் நாற்காலியை இழுத்தாள். அக்கா உட்காரவில்லை.

"எனக்குச் சாகப் பிடிக்கல" என்றாள். "இதைச் சொல்ல எனக்கு வெக்கமும் இல்ல. எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. இன்னும் நிறைய நாள் இருக்கணும், நல்லா சாப்பிடணும், உங்க எல்லாரோடயும் சண்டை போடணும். புரியுதா?"

அவள் தம்பியைப் பார்த்தாள்.

"பயமா இருக்காடா?"

"இருக்குக்கா."

"இருக்கும். எனக்கே இருக்கு. அதை என் முகத்தைப் பாத்துச் சொல்றதை விட்டுட்டு, ஏழு வாரமா தின்னு தின்னு சொல்லியிருக்கே. இப்ப வாயால சொல்லு. தருவியா, மாட்டியா? எனக்கு ஒரு வார்த்தை போதும்."

தருகிறேன் என்று சொல்லிவிடலாம், இன்னும் மூன்று வாரம் ஓடும். அம்மா அவன் காலருகில் தரையில் இருந்தாள். மனைவி முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவின் வீங்கிய பாதங்கள் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கியிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மாட்டேன்கா. என்னால முடியாது."

அம்மா ஓவென்று அழுதாள். அக்கா கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கியது. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி" என்றாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என் கொழுந்தனுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிஞ்சிருக்கும். இந்நேரம் நான் கட்டில்ல சாஞ்சு உக்காந்து, கொடுக்காத தம்பின்னு உன்னைத் திட்டிக்கிட்டிருப்பேன். நீயும் வாங்கிக்கட்டிக்கிட்டு ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்திருப்பே. டாக்டர் எனக்குக் கொடுத்ததே மூணு மாசம்டா. அதுல கிட்டத்தட்ட ரெண்டு மாசத்தை நீங்க மூணு பேரும் சேந்து தின்னுட்டீங்க."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"போன் போடு" என்றாள். "நீயே சொல்லு. நான் கேக்கணும்."

அவன் போனை எடுத்தான். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினான். மணி அடித்தது. எடுத்தபோது பின்னால் வேன் இரைச்சல் கேட்டது.

"சொல்லுங்கண்ணா. அண்ணிக்கு ஏதாவது ஆச்சா?"

"இல்லப்பா. அது வந்து... என்னால கொடுக்க முடியாதுப்பா. எடையெல்லாம் காரணம் இல்ல. எனக்குத் தைரியம் இல்ல. நீ அன்னைக்குக் கேட்டியே..." அதற்கு மேல் வரவில்லை.

வேன் இரைச்சல் நின்றது. ஓரங்கட்டி நிறுத்தியிருக்க வேண்டும். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பான், திட்டுவான், யோசித்துச் சொல்கிறேன் என்பான் என்று இவன் காத்திருந்தான்.

"நாளைக்குக் காலைல நான் ஆஸ்பத்திரிக்கு வந்தாப் போதுமாண்ணா?" என்றான் அவன். "சாப்பிட்டுட்டு வரலாமா, வெறும் வயித்தோட வரணுமா?"

இவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வெறும் வயித்தோட வரணும்" என்றான்.